கந்தக பூமியின் கதை – 14: சரக்கு போன பின்னால் வந்த தடை

சென்ற வாரம் 2018 அக்டோபர் 23 தீர்ப்பையும் அதன் விளைவுகளையும் பார்த்தோம். பட்டாசுக்கு முழுத் தடை கேட்டுப் போடப்பட்ட வழக்கில் உச்ச நீதிமன்ற நீதிபதிகள் ஏ.கே. சிக்ரி, அசோக் பூஷண் அமர்வு அப்படியொரு தடையை விதிக்க மறுத்தது. பதிலுக்குக் கடுமையான நிபந்தனைகளைப் போட்டது.

பேரியம் உப்பு கூடாது. சரவெடி கூடாது. ஆன்லைன் விற்பனை கூடாது. தீபாவளி இரவில் 8 மணி முதல் 10 மணி வரை மட்டுமே வெடிக்கலாம். புகையும் சத்தமும் குறைந்த ‘பசுமைப் பட்டாசு’ மட்டுமே இனி விற்கலாம்.

சிவகாசி ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்ததையும், பேரியம் நைட்ரேட் இல்லாமல் பச்சை நிறத்தை எப்படிக் கொண்டு வருவது என்று தொழில் திணறியதையும் பார்த்தோம். பிறகு நாக்பூரின் நீரி ஆய்வு நிறுவனம் ஸ்வாஸ், ஸ்டார், சஃபல் என்று மூன்று வகைகளுக்கு வழி சொன்னது. 2019 தீபாவளிக்குப் பசுமைப் பட்டாசு கடைக்கு வந்தது.

தொழில் கொஞ்சம் மூச்சு விட்டது. அடுத்த தீபாவளிக்கு ஓர் ஆண்டு இருந்தது. ஊரடங்குக்கு ஐந்தே மாதம்தான் இருந்தது.

* * *

நான்கு மணி நேரம்

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை. தமிழகத்தில் மாலை 6 மணிக்கே 144 தடை உத்தரவு அமலுக்கு வந்துவிட்டது. இரவு 8 மணிக்குப் பிரதமர் தொலைக்காட்சியில் பேசினார். நள்ளிரவு முதல் நாடு முழுக்க 21 நாள் ஊரடங்கு.

அறிவிப்புக்கும் அமலுக்கும் நடுவே நான்கு மணி நேரம்.

சிவகாசிக்கு அது பங்குனி மாதம். மானாவாரிக் கரிசலும் குறைந்த மழையும் கொண்ட இந்த மண்ணுக்கு வெயில்தான் முதல். மருந்தில் முக்கியெடுத்த கம்பி மத்தாப்பும், பேன்சி ரகங்களுக்கு உருட்டிய மணி மருந்தும் வெயிலில் காய்ந்தால்தான் அடுத்தவர் கைக்குப் போகும். ஐப்பசியில் வெடிக்கும் சரக்கில் பெரும்பகுதி பங்குனி, சித்திரை, வைகாசி வெயிலில்தான் உருவாகிறது. அந்த வெயிலின் முதல் பாதி ஊரடங்கில் போனது.

ஆலைகள் மே மாதத்தில் திறந்தன. பாதி ஆட்களை மட்டுமே வைத்துக்கொள்ளலாம் என்றது அரசு.

இங்கே ஒரு செய்தியைச் சொல்லியாக வேண்டும். பட்டாசு ஆலையில் ஓர் அறையில் நான்கு பேருக்கு மேல் உட்கார்ந்து வேலை செய்யக் கூடாது. அறைக்கும் அறைக்கும் இடைவெளி வேண்டும். எதிரெதிரே வாசல் வேண்டும். தீப்பிடித்தால் ஓடித் தப்புவதற்காக எழுதப்பட்ட விதிகள் இவை. கொரோனா வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே, ஆளுக்கு ஆள் விலகி, காற்றோட்டமான தனித்தனி அறைகளில் வேலை செய்யும்படி சட்டம் போட்டு அமைத்த தொழில் நாட்டில் இது ஒன்றாகத்தான் இருக்கும். விதியை மதித்து நடந்த ஓர் ஆலையில் நோய் பரவும் வாய்ப்பு, ஆலைக்கு ஆள் ஏற்றி வரும் வேனில் பரவும் வாய்ப்பைவிடக் குறைவு.

தில்லியில் உட்கார்ந்து ‘அத்தியாவசியம்’, ‘அத்தியாவசியமற்றது’ என்று பட்டியல் போட்டவர்களுக்கு இது எப்படித் தெரியும்? தெரிய வழியில்லை. அவர்களைக் குறை சொல்வதற்காக இதைக் கேட்கவில்லை. ஃபிரெட்ரிக் ஹயெக் 1945-இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையின் சாரமே இதுதான். ஒரு பொருளாதாரத்தை நடத்தத் தேவையான அறிவு எந்த ஒரு மேசையிலும் மொத்தமாகக் கிடைக்காது. அது ஆயிரமாயிரம் பேரிடம் சிதறிக் கிடக்கிறது என்றார் அவர்.

சிவகாசியின் ஆப்செட் அச்சகங்களை எடுத்துக்கொள்ளுங்கள். காலண்டர் அடிக்கும் அச்சகம் அத்தியாவசியம் இல்லை, சரி. மருந்து அட்டைப்பெட்டிக்கு அச்சடிப்பது? அந்த அட்டைக்கு மை விற்கும் கடை? அந்த மெஷினுக்கு உதிரி பாகம் கடையும் லேத் பட்டறை? கயிற்றின் ஒரு முனையை அனுமதித்து நடுவில் வெட்டினால் மறுமுனையும் நின்றுபோகும். அந்த ஆண்டு ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தி 23.9 சதவீதம் சரிந்ததாக அரசின் முதல் மதிப்பீடு சொன்னது.

* * *

சந்தைவாதிகள் பிரிந்து நின்றது

பெருந்தொற்றின்போது தடையற்ற சந்தையை நம்பியவர்கள் ஒரே குரலில் பேசவில்லை. இது பலருக்கு மறந்துவிட்டது.

ஒரு சாரார் ஊரடங்கையே தவறென்றார்கள். 2020 அக்டோபர் 4 அன்று அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், தடையற்ற சந்தைக் கொள்கைக்காகவே இயங்கும் ஓர் ஆய்வு நிறுவனத்தில் ‘கிரேட் பேரிங்டன் பிரகடனம்’ கையெழுத்தானது. ஸ்டான்ஃபோர்டின் ஜெய் பட்டாச்சார்யா, ஆக்ஸ்ஃபோர்டின் சுனேத்ரா குப்தா, ஹார்வர்டின் மார்ட்டின் குல்டார்ஃப் ஆகிய மூவரும் எழுதியது. முதியவர்களையும் நோயாளிகளையும் தனியாகப் பாதுகாப்போம், மற்றவர்கள் வேலைக்குப் போகட்டும் என்பது அதன் சாரம். சில நாட்களிலேயே வேறு விஞ்ஞானிகள் ‘ஜான் ஸ்னோ அறிக்கை’யை வெளியிட்டு அதை மறுத்தார்கள்.

எனக்கு அந்தப் பிரகடனம் சாத்தூர் வட்டாரத்துக்குப் பொருந்தும் என்று தோன்றவில்லை. ஒற்றை அறை வீட்டில் ஆலைக்குப் போய் வரும் மகளும், பேரனைப் பார்த்துக்கொள்ளும் பாட்டியும் ஒரே பாயில் படுக்கும் இடத்தில் யாரை எங்கே தனியாக வைப்பது?

இன்னொரு சாரார் வேறு பக்கம் போனார்கள். சந்தைப் பொருளாதாரத்தின் வலுவான குரல்களில் ஒருவரான ரகுராம் ராஜன், 2020 ஏப்ரல் 30 அன்று ராகுல் காந்தியுடன் நடத்திய உரையாடலில், ஏழைகளைத் தாங்கிப் பிடிக்கச் சுமார் 65,000 கோடி ரூபாய் ஆகும், 200 லட்சம் கோடி ரூபாய்ப் பொருளாதாரத்துக்கு அது பெரிய தொகை இல்லை என்றார். அரசே வேலை செய்வதை நிறுத்தச் சொன்னால், அரசே அதற்குப் பணம் கொடுக்க வேண்டும் என்ற கணக்கு இது. இதில் சந்தைக்கு விரோதமாக எதுவுமில்லை. ஒருவருடைய பிழைப்பைப் பொது நன்மைக்காக எடுத்துக்கொண்டால் அதற்கு விலை உண்டு என்பது சந்தையின் அடிப்படை நியாயம்.

மே மாதம் வந்த 20 லட்சம் கோடி ரூபாய்த் திட்டத்தில் சிறு, குறு, நடுத்தரத் தொழில்களுக்கு முதன்மையாகக் கிடைத்தது பிணையில்லாக் கடன். தவணையைத் தள்ளிப் போட ரிசர்வ் வங்கி அனுமதித்தது. வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. கூலிக்கு வேலை செய்யும் பெண்களின் கைக்கு வந்தது, தமிழக அரசு ரேஷன் அட்டைக்குக் கொடுத்த 1,000 ரூபாய், ரேஷன் அரிசி போன்ற சிறு உதவிகள்.

கடன் வாங்கியவர்கள் எதை நம்பி வாங்கினார்கள்? தீபாவளியை.

* * *

கைமாறும் கடன்

ஆடிப்பெருக்கு அன்று சிவகாசியில் கடைகளில் பூஜை போட்டு அந்த ஆண்டின் பட்டாசு விற்பனையைத் தொடங்குவது வழக்கம். 2020-லும் தொடங்கினார்கள். பாதி ஆளோடு செய்ததால் சரக்கு குறைவு. சரக்கு குறைந்ததால் வாங்க ஆளிருக்கும் என்ற நம்பிக்கை. மக்கள் மாதக்கணக்கில் வீட்டுக்குள் அடைந்து கிடந்தார்கள். இந்தத் தீபாவளியையாவது கொண்டாட மாட்டார்களா?

பட்டாசு வணிகத்தில் பணம் எப்படி நகர்கிறது என்பதை இங்கே நின்று பார்க்க வேண்டும். அது புரியாவிட்டால் நவம்பரில் நடந்தது புரியாது.

வெம்பக்கோட்டை பக்கத்து ஊர் ஒன்றில் ஒரு பெண் திரி கிள்ளுகிறார், எண்ணிக்கைக்குக் கூலி. பல குடும்பங்கள் ஆலையிடமிருந்து முன்பணம் வாங்கியிருக்கும். வாரக் கூலியில் அது கழியும். ஆலை முதலாளி வெடியுப்பும் கந்தகமும் அலுமினியப் பொடியும் கடனுக்கு வாங்குகிறார். செய்த சரக்கை வட மாநில மொத்த வியாபாரிக்கு ஏஜெண்ட் மூலம் அனுப்புகிறார். அதுவும் பெரும்பாலும் கடனுக்குத்தான். அந்த மொத்த வியாபாரி ஜெய்ப்பூரிலோ கட்டாக்கிலோ இருக்கிற சில்லறைக் கடைக்காரருக்குக் கொடுக்கிறார். கடைக்காரர் பல நாள் அலைந்து தற்காலிக உரிமம் வாங்கி, தீபாவளிக்கு முந்தைய சில நாட்களில் விற்றுத் தீர்க்கிறார்.

அந்தச் சில நாட்களில் வரும் பணம்தான் ஒவ்வொரு கையாகப் பின்னோக்கி நடந்து, கார்த்திகை, மார்கழியில் சிவகாசிக்கு வந்து சேர்கிறது. அதற்கு முன்பே லாரி வாடகை போய்விட்டது. 18 சதவீத ஜி.எஸ்.டி.யும் போய்விட்டது.

சரக்கைத் திருப்பி அனுப்பலாமே என்று கேட்கத் தோன்றும். இது வெடிபொருள். இன்னாரிடம் இவ்வளவு எடைதான் இருப்பு இருக்கலாம் என்று உரிமத்திலேயே எழுதியிருக்கும். தற்காலிக உரிமம் முடிந்த மறுநாள் அதே பெட்டிகள் சட்டவிரோத இருப்பு. ஈரம் ஏறினால் பாதி வெடிக்காது. தீபாவளிக்கு மறுநாள் பட்டாசுப் பெட்டியைப் போல விலை விழும் பொருள் வேறில்லை.

ஆக, தடை என்று ஒன்று வருவதாக இருந்தால், அது எந்த மாதத்தில் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. சித்திரையில் வந்தால் ஆலை உற்பத்தியைக் குறைக்கும். ஆடியில் வந்தால் மொத்த வியாபாரி ஆர்டரை நிறுத்துவார். ஐப்பசியில் வந்தால்?

* * *

நவம்பர் முதல் வாரம்

அந்த ஆண்டு தீபாவளி நவம்பர் 14, சனிக்கிழமை.

நவம்பர் 2: ராஜஸ்தானில் பட்டாசு விற்பனைக்குத் தடை என்ற செய்தி வருகிறது. கொரோனா நோயாளிகளையும் பொதுமக்களையும் நச்சுப் புகையிலிருந்து காக்க என்று முதல்வர் அசோக் கெலாட் காரணம் சொன்னார். விற்றால் 10,000 ரூபாய் அபராதம். வெடித்தால் 2,000 ரூபாய்.

தீபாவளிக்கு 12 நாள் இருந்தது.

அடுத்து ஒடிசா: நவம்பர் 10 முதல் 30 வரை தடை.

நவம்பர் 5: கல்கத்தா உயர் நீதிமன்றம் காளி பூஜையும் தீபாவளியும் பட்டாசில்லாமல் நடக்க உத்தரவிட்டது. அதே நாளில் தில்லி. முதலில் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி என்றிருந்த தில்லி அரசு, அதையும் சேர்த்து 7-ஆம் தேதி முதல் 30 வரை எல்லாவற்றுக்கும் தடை என்று மாற்றியது.

நவம்பர் 6: கர்நாடகம். தடை என்று அறிவித்த முதல்வர் எடியூரப்பா, பின்னர் பசுமைப் பட்டாசுக்கு மட்டும் விலக்கு என்றார். ஹரியானா முழுத் தடை அறிவித்தது; பிறகு இரண்டு மணி நேரம் வெடிக்கலாம் என்று தளர்த்தியது.

ஒரு வாரத்துக்குள் இத்தனை அறிவிப்புகள். ஒரு மாநிலத்துக்குள்ளேயே காலையில் ஒரு விதி, மாலையில் ஒரு விதி. நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்த லாரிக்கு எந்த விதி?

அப்போதைய தமிழக முதல்வர் எடப்பாடி பழனிசாமி ராஜஸ்தான், ஒடிசா முதல்வர்களுக்குக் கடிதம் எழுதினார். நாட்டின் பட்டாசில் 90 சதவீதம் தமிழகத்தில் தயாராகிறது, சுமார் 8 லட்சம் பேர் இதை நம்பியிருக்கிறார்கள், தயாராவது பசுமைப் பட்டாசு, தடையை மறுபரிசீலனை செய்யுங்கள் என்று கேட்டுக்கொண்டார்.

நவம்பர் 9, திங்கட்கிழமை. நீதிபதி ஆதர்ஷ் குமார் கோயல் தலைமையிலான தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தீர்ப்பளித்தது. தலைநகர் வட்டாரத்தில் அன்று நள்ளிரவு முதல் முழுத் தடை. முந்தைய ஆண்டு நவம்பரில் காற்றின் தரம் ‘மோசம்’ அல்லது அதற்கும் கீழே இருந்த எல்லா ஊர்களிலும் தடை. ‘மிதம்’ அல்லது அதற்கு மேலிருந்த ஊர்களில் இரண்டு மணி நேரம், பசுமைப் பட்டாசு மட்டும்.

தீபாவளிக்கு ஐந்து நாள்.

நியாயமாகச் சொன்னால், தீர்ப்பாயத்தின் உத்தரவு மாநிலங்களின் உத்தரவுகளைவிட மேலானது. அதில் ஓர் அளவுகோல் இருந்தது. காற்று கெட்ட ஊருக்கு ஒரு விதி, காற்று நல்ல ஊருக்கு ஒரு விதி. முந்தைய நவம்பரின் அளவீடுதான் கணக்கு என்றால் அந்த அளவீடு பதினொரு மாதமாகக் கையில் இருந்தது. அதே உத்தரவை ஆடிக்கு முன் போட்டிருந்தால் அது கொள்கை. தீபாவளிக்கு ஐந்து நாள் முன்பு போட்டதால் அது நஷ்டம்.

* * *

புகையின் வழக்கு

தடை விதித்தவர்கள் பக்கமும் பேச வேண்டும். அவர்களுக்கு நெருக்கடி உண்மையானது. நவம்பர் 11 அன்று தில்லியில் ஒரே நாளில் 8,593 பேருக்குத் தொற்று உறுதியானது. அதுவரை அந்நகரம் காணாத எண்ணிக்கை. ஆஸ்பத்திரி படுக்கைகள் நிரம்பிக்கொண்டிருந்தன. வைக்கோல் எரிப்பின் புகை ஏற்கெனவே வானத்தை மூடியிருந்தது.

அதற்கு முந்தைய வாரம், நவம்பர் 4 அன்று, ஹார்வர்டு ஆய்வாளர்களின் கட்டுரை ஒன்று வெளியானது. அமெரிக்காவின் 3,000-க்கும் மேற்பட்ட கவுன்ட்டிகளில் செய்த ஆய்வு. பி.எம். 2.5 நுண்துகள் ஒரு கன மீட்டருக்கு 1 மைக்ரோகிராம் கூடினால் கொரோனா மரண விகிதம் 11 சதவீதம் கூடுவதோடு தொடர்பு இருக்கிறது என்றது. இந்த எண் எல்லா விவாதங்களிலும் ஓடியது. ஆனால் அந்த ஆய்வு அளந்தது பல ஆண்டுகள் தொடர்ந்து சுவாசித்த காற்றை. ஓர் இரவுப் புகையை அல்ல. ஆண்டு முழுக்க வாகனமும் அனல் மின் நிலையமும் விடும் புகையைக் குறைக்க அது வலுவான ஆதாரம். பன்னிரண்டு நாள் அவகாசத்தில் பட்டாசை நிறுத்துவதற்கு அவ்வளவு வலுவான ஆதாரமில்லை. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி பாப்டே கேட்ட கேள்வியும் இதை ஒட்டியதுதான்: வாகனங்கள் இதைவிட அதிகமாக மாசுபடுத்தும்போது எல்லோரும் பட்டாசின் பின்னால் ஓடுவது ஏன்?

அதற்காகப் புகைக்கு உரிமை உண்டென்று ஆகிவிடாது. சந்தைக் கொள்கையை உண்மையாக நம்புகிறவர் அப்படிச் சொல்லவும் முடியாது. அரசு தலையிடவே கூடாது என்பதற்குப் பெயர் போன மில்டன் ஃபிரீட்மனே, மனைவி ரோஸுடன் 1980-இல் எழுதிய நூலில், ஆலைப் புகை மூன்றாம் ஆளின் சட்டைக் காலரை அழுக்காக்குவதை உதாரணமாக எடுத்துக்கொள்கிறார். வாங்குபவரும் விற்பவரும் சம்மதித்தார்கள். சட்டை அழுக்கானவரை யாரும் கேட்கவில்லை. அங்கே அரசுக்கு வேலை உண்டு என்பதை அவர் ஒப்புக்கொள்கிறார்.

ஆஸ்துமாக்காரர் வீட்டு ஜன்னலுக்குக் கீழே வைக்கும் அணுகுண்டு அவருடைய நுரையீரலுக்குள் அத்துமீறி நுழைவதுதான். கொரோனா வார்டில் ஆக்சிஜன் குழாயோடு படுத்திருந்தவருக்குச் சுத்தமான காற்றைக் கேட்க முழு உரிமை இருந்தது.

ரொனால்ட் கோஸ் 1960-இல் இதை இன்னும் கூர்மையாக்கினார். இப்படிப்பட்ட மோதலில் ஒருவரைக் காப்பாற்றினால் இன்னொருவருக்குச் சேதம். எனவே யாரைத் தடுப்பது என்பதோடு கேள்வி முடியாது, எந்த ஏற்பாட்டில் மொத்தச் சேதம் குறைவு என்று பார்க்க வேண்டும் என்றார். அப்படிப் பார்த்தால் 2020 நவம்பரில் வேறு வழிகள் இருந்தன. விற்காமல் நின்ற சரக்கை அரசே விலை கொடுத்து எடுத்திருக்கலாம். உரிமக் காலத்தை நீட்டி, கார்த்திகை தீபம் வரையோ, அடுத்த பருவம் வரையோ பாதுகாப்பாக இருப்பு வைக்க வழி செய்திருக்கலாம். காற்று நன்றாயிருக்கும் ஊர்களுக்குச் சரக்கை மாற்ற அனுமதித்திருக்கலாம்.

காற்று தில்லிக்காரர்களுக்கு வேண்டும். அதற்கான விலையைத் தில்லிக்காரர்கள் எல்லோரும் பகிர்ந்து கொடுப்பதுதான் நியாயம். வெம்பக்கோட்டையில் திரி கிள்ளும் பெண் ஏன் தனியாகக் கொடுக்க வேண்டும்?

* * *

விதியை நம்பியவர்கள்

எனக்கு அந்த நவம்பரில் மிகவும் உறுத்துவது வேறொன்று.

2018 தீர்ப்புக்குப் பிறகு சிவகாசியில் இரண்டு வகை முதலாளிகள் இருந்தார்கள். ஒருவர் நீரியிடம் பதிவு செய்தார், கலவையை மாற்றினார், சோதனைக்கு அனுப்பினார், பெட்டியில் பசுமைப் பட்டாசு முத்திரையும் கியூ.ஆர். குறியீடும் அச்சடித்தார். இன்னொருவர் பழைய மருந்தையே பழையபடி போட்டு, ரகசியமாகச் சரவெடியும் கட்டி அனுப்பினார்.

2020 நவம்பரில் தில்லியின் உத்தரவு இருவரையும் ஒரே மாதிரி தண்டித்தது. சொல்லப்போனால், செலவு செய்து விதியைப் பின்பற்றியவருக்குத்தான் நஷ்டம் அதிகம்.

ஹயெக் 1944-லேயே இதைப் பற்றி எச்சரித்திருக்கிறார். அரசு எதையெல்லாம் செய்யும் என்பது முன்கூட்டியே அறிவித்த நிலையான விதிகளில் இருக்க வேண்டும். அப்போதுதான் மனிதர்கள் தங்கள் வாழ்க்கையைத் திட்டமிட முடியும். விதி கடுமையாக இருக்கலாம். அது நாளைக்கும் அதே விதியாக இருக்க வேண்டும்.

இதைத் தில்லி அரசே அடுத்த ஆண்டு ஒப்புக்கொண்டது. 2021 செப்டம்பர் 15 அன்று, தீபாவளிக்கு ஏழு வாரங்கள் முன்பே, முதல்வர் கெஜ்ரிவால் மீண்டும் முழுத் தடை அறிவித்தார். சென்ற ஆண்டு வியாபாரிகள் சரக்கு வாங்கி வைத்த பிறகு தாமதமாகத் தடை வந்ததால் அவர்களுக்கு நஷ்டமானது, இந்த முறை யாரும் இருப்பு வைக்க வேண்டாம் என்று அதற்குக் காரணமும் சொன்னார். தில்லிக் கடைக்காரர் தப்பித்தார். ஆவணியின் கடைசியில் வந்த அந்த அறிவிப்பும் சிவகாசி ஆலைக்குத் தாமதம்தான். சரக்கு அதற்குள் தயாராகிவிட்டது.

* * *

சிவகாசி தன்னைக் கேட்க வேண்டியது

சந்தைக் கொள்கை இந்த ஊருக்குப் புதிதில்லை. ராஜாஜி 1959-இல் ‘பர்மிட், லைசென்ஸ், கோட்டா ராஜ்’ஜியத்தை எதிர்த்துச் சுதந்திராக் கட்சியைத் தொடங்கினார். 1967 தேர்தலில் விருதுநகர் சட்டமன்றத் தொகுதியில் காமராஜர் 1,285 வாக்குகளில் தோற்றது எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அதே தேர்தலில் சிவகாசி நாடாளுமன்றத் தொகுதி சுதந்திராக் கட்சிக்குப் போனது பலருக்கு நினைவில்லை. தி.மு.க. கூட்டணியின் பலத்தில் வந்த வெற்றிதான். ஆனாலும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்து, அரசின் உதவியின்றி ஒரு நகரத்தையே கட்டியெழுப்பியவர்களின் ஊரில் அந்தக் கட்சியின் பேச்சு அந்நியமாக ஒலித்திருக்காது.

ஆனால் அதே சிவகாசி, சீனப் பட்டாசு வரக் கூடாது என்று அரசிடம் கேட்கிறது. கள்ளத்தனமாக வரும் சீனப் பட்டாசில் ஆபத்தான குளோரேட் கலவை இருக்கிறது என்பது உண்மை. அந்த வாதம் பாதுகாப்பைப் பற்றியது, அதை ஏற்கலாம். போட்டியே வேண்டாம் என்ற வாதமாக அது மாறும் இடத்தில் சந்தைக் கொள்கை கைவிடப்படுகிறது. ரகுராம் ராஜனும் லூயிஜி ஜிங்கேல்ஸும் 2003-இல் எழுதிய நூலின் தலைப்பே முதலாளிகளிடமிருந்து முதலாளித்துவத்தைக் காப்பாற்ற வேண்டும் என்பதுதான்.

நவம்பரில் தில்லி அரசிடம் கேட்ட நியாயத்தைச் சிவகாசி தன் அறைகளுக்குள்ளும் கேட்டாக வேண்டும். அடுத்தவருக்குச் சேதம் செய்தவர் அதற்கு விலை கொடுக்க வேண்டும் என்றால், ஓர் அறையில் நான்கு பேருக்குப் பதில் எட்டுப் பேரை உட்கார வைத்த சேதத்துக்கு யார் விலை கொடுப்பது?

* * *

தீபாவளி முடிந்தது. வட மாநிலங்களிலிருந்து வர வேண்டிய பணம் குறைந்தும் தாமதமாகவும் வந்தது. கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருந்தது. வெடியுப்பும் கந்தகமும் கடனுக்கு விற்றவர்களுக்கும் பாக்கி. பூஜை போட்டு அடுத்த ஆண்டுக்கான வேலை தொடங்கியது. வெயில் ஏறத் தொடங்கும் மாசி நெருங்கியது.

சிவகாசியில் உரிமங்களுக்கு ஒரு படிவரிசை உண்டு. நாக்பூர் லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ் என்று பேச்சு வழக்கில் சொல்வார்கள். உரிமம் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் பொறுப்பாளி. ஆலையை இன்னொருவருக்கு வாடகைக்கு விடக் கூடாது. கையில் பணமில்லாத உரிமையாளருக்கோ, அறைகளை ஆளுக்கு ஐந்து, ஆறு என்று உள்குத்தகைக்கு விடுவது பணம் பார்க்க எளிய வழி. குத்தகை எடுத்தவருக்கு ஆலை சொந்தமில்லை, உரிமம் சொந்தமில்லை. கொடுத்த வாடகையை எடுத்தாக வேண்டும் என்ற அவசரம் மட்டும் சொந்தம்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, பிற்பகல். சாத்தூர் அருகே அச்சங்குளம் கிராமத்தில் ஒரு பட்டாசு ஆலை வெடித்தது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்த ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தன என்பது அதன்பின் வெளியே வந்தது. இரண்டு வாரங்களுக்குள், பிப்ரவரி 25 அன்று, சிவகாசி அருகே காளையார்குறிச்சியில் இன்னொரு ஆலை வெடித்தது.

உள்குத்தகை கொரோனாவுக்கு முன்பும் இருந்தது. வெடி விபத்துகளும் இருந்தன. 2012 செப்டம்பர் 5-இல் முதலிப்பட்டியில் நடந்த வெடி விபத்தை இந்தத் தொடரின் முந்தைய பகுதியொன்றில் விரிவாகப் பார்த்தோம். எனவே பழியை முழுக்க ஊரடங்கின் மீதோ நவம்பர் தடையின் மீதோ போட்டுவிட்டு நகர முடியாது.

ஆனாலும் கேட்டாக வேண்டும். ஜெய்ப்பூரிலும் தில்லியிலும் முடங்கிப்போன பணத்தை ஈடுகட்ட, விருதுநகர் மாவட்டத்தில் எத்தனை அறைகள் அந்த மூன்று மாதங்களில் கைமாறின? அவற்றில் யாருடைய பெயர் உரிமத்தில் இருந்தது, யாருடைய பிள்ளைகள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள்?

(அடுத்த வாரம்: அச்சங்குளம்)